நத்தையின் வாயில் இருந்த மண்

பிப்ரவரி 2

ஆய்விதழிலிருந்து பதில் வந்துவிட்டது. கட்டுரையை நிராகரிக்கவில்லை, ஏற்கவும் இல்லை. மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். முதலாமவருக்கு என் காற்புள்ளிகளைத் தவிர எல்லாம் பிடித்திருக்கிறது. இரண்டாமவருக்கு ஒரே ஒரு சந்தேகம். ஆறாவது படத்தில் உள்ள நத்தையின் வாயை அடைத்திருக்கும் மண் வெளிர்மஞ்சளாகத் தெரிகிறதே, அரியலூரில் நீங்கள் சொல்லும் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் சாம்பல் நிறமாயிற்றே, அங்கேதான் கிடைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார்.

முடியும் என்று உடனே எழுதப்போனேன். எழுதவில்லை.

கட்டுரையில் உள்ள மற்றக் கடல் நத்தைகள் எல்லாம் ஏற்கெனவே பெயர் பெற்றவை. இது ஒன்றுதான் புதியது. முழு ஓடாக இது ஒன்றுதான் கிடைத்தது. கட்டைவிரல் நீளம். கோபுரம்போல் ஒடுங்கி உயரும் சுருள்கள், ஒவ்வொரு சுருளிலும் முத்து கோத்ததுபோல் மேடுகள், வாயின் வெளி உதடு வெளிப்பக்கமாக மடிந்து காகிதம்போல் மெலிந்திருக்கிறது. அந்த உதடு வேறு எந்த இனத்திலும் இல்லை.

நான் இடத்தை எப்படி எழுதினேன்? பையைப் பார்த்து எழுதினேன். என் கணவர் குருபரன் அதைப் போட்டு வைத்திருந்த துணிப்பையில் அரியலூர்ச் சுரங்கத்தின் பெயர் மையால் எழுதியிருந்தது. நாங்கள் பைகளைத் துவைத்துத் துவைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள். மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்வேன், பையை நம்பாதே, உள்ளே சீட்டு இருக்கிறதா பார் என்று. சீட்டு இல்லை.

அவரிடம் கேட்டேன். "குடை" என்றார்.

பிப்ரவரி 3

அவரைப் பார்த்துக்கொள்ளும் செங்கமலம் வரவில்லை. நானே அவரைக் குளிப்பாட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போக மதியமாகிவிட்டது.

பிப்ரவரி 5

இன்று ஒழுங்காக உட்கார்ந்து கேட்டேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னதுபோல் ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, ஆம் அல்லது இல்லை என்று பதில் வருகிற மாதிரி. நத்தையை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தேன். வலது கை அக்டோபரில் பக்கவாதம் வந்ததிலிருந்து மடியில்தான் கிடக்கிறது.

"இது எங்க எடுத்தீங்க? அரியலூரா?"

தலையாட்டினார்.

"சாம்பல் கல்லுலயா?"

தலையாட்டினார்.

"மஞ்சள் கல்லுலயா?"

அதற்கும் தலையாட்டினார். எனக்குச் சந்தேகம் வந்தது.

"சிவகாசியிலயா?"

தலையாட்டினார்.

"நிலாவுலயா?"

பலமாகத் தலையாட்டினார். தரை துடைத்துக்கொண்டிருந்த செங்கமலம் சிரித்துவிட்டாள். "சார் போகாத ஊரே இல்ல போல" என்றாள். அவரும் சிரித்தார், வாயின் இடது பாதியால். நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். காய் நறுக்க வந்திருப்பேன்.

இருபது வருடம் நிலவியல் பாடம் நடத்திய மனிதர். என் கேள்வி புரியாமல் ஆட்டுகிறாரா, புரிந்தும் ஆட்டுகிறாரா?

பிப்ரவரி 8

மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். சாம்பல் கல்லுக்கு நடுவே இங்குமங்கும் மஞ்சள் திட்டுகள் இருப்பதுண்டு. நானே பார்த்திருக்கிறேன். "அப்படிப்பட்ட ஒரு திட்டிலிருந்து எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி போட்டால் போதும், முடிந்தது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மை என்று நானும் சொல்ல முடியாது. இடம் தெரியாத புதைபடிவம் வெறும் அழகான கல். அதற்கு வயதும் கிடையாது, பெயர் வைக்கவும் முடியாது.

பெயர் என்றதும் நினைவுக்கு வந்தது. செப்டம்பரில் அவர் இதை மேசையில் வைத்து, "மங்கை, இதுக்கு உன் பேரை வச்சிடலாமா?" என்று கேட்டார். மங்கையர்க்கரசி என்ற பெயரை லத்தீன் வாலோடு எழுதினால் ஒரு வரி வரும் என்றேன். அதோடு, கட்டுரை எழுதுகிறவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் நாகரிகம் இல்லை. நானும் எழுதுகிறேனே, எப்படி வைப்பது என்றேன்.

"அப்ப நீ எழுதாதே, நான் தனியா எழுதறேன்" என்று சொல்லியிருந்தால் நியாயம். அவர் சொன்னது, "சீக்கிரம் எழுதி அனுப்பிடணும். அது முக்கியம். யார் பேரு எப்படிப் போனா என்ன?"

ஒரு காரியத்தையும் அவர் சீக்கிரம் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு நத்தையை மூன்று வருடம் மேசையில் வைத்திருப்பார். இதற்கு மட்டும் ஏன் அவசரம் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கடைசியில் சுருள்களின் முத்து மேடுகளை வைத்தே ஒரு பெயர் வைத்தோம்.

பிப்ரவரி 9

ரோசலினைக் கூப்பிட்டேன். கல்லூரியில் என்னோடு படித்தவள். சென்னையில் இருக்கிறாள். கல்லுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களின் ஓடுகளை உருப்பெருக்கியில் பார்த்துப் பாறையின் வயதைச் சொல்வது அவள் வேலை.

"அவர்கிட்ட ஏண்டி கேக்கறே? நத்தைகிட்ட கேளு" என்றாள். "செத்த அன்னிக்கு அது வாயில என்ன மண்ணு போச்சோ அதுதான் அதோட ஊரு. கொஞ்சம் சுரண்டி அனுப்பு."

"உதடு காகிதம் மாதிரி இருக்கு ரோசி. உடைஞ்சா இனமே போச்சு."

"உடையாம எடு. உன் கைக்கு என்ன கேடு? இல்ல, மஞ்சள் திட்டுன்னு கதை விடு. எனக்கென்ன, நான் மதிப்பீட்டாளரா?"

"நீதான் அந்த ரெண்டாவது ஆளோன்னு எனக்குச் சந்தேகம்."

"நானா இருந்தா ரெண்டு பக்கம் திட்டியிருப்பேன்" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 12

மேசை விளக்கைப் போட்டு, நத்தையை மெழுகில் பதித்து, ஊசியை எடுத்தேன். குருபரன் எதிரே சக்கர நாற்காலியில் இருந்தார். ஓடு சுத்தம் செய்வதைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். செங்கமலம்கூட, "சார் டிவியை விட இதைத்தான் பார்க்கிறாரு" என்பாள்.

ஊசி வாய்க்குப் பக்கத்தில் போனதும் முனகினார். நிமிர்ந்து பார்த்தேன். சட்டென்று இடது கையை நீட்டி நத்தையை மூடினார். என் விரல்களோடு சேர்த்து.

"உடைக்க மாட்டேன். கொஞ்சம்தான், உள்பக்கமாத்தான் எடுக்கப்போறேன்."

கையை எடுக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "சோப்பு... சோப்பு..." என்றார். அந்த உதட்டின்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. எனக்கும்தான். விளக்கை அணைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13

அவரை உடற்பயிற்சிக்கு அழைத்துப்போன நேரத்தில் எடுத்துவிட்டேன். அரைச் சிட்டிகை மண். உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சென்னைக்குக் கூரியரில் போட்டேன். திரும்பும் வழியில் அவருக்கு ரப்பர் செருப்பு வாங்கினேன். பழையது வழுக்குகிறது.

பிப்ரவரி 20

ரோசலின் கூப்பிட்டாள். எடுத்ததும், "உன் நத்தை அரியலூர்க்காரி இல்லடி" என்றாள்.

"பின்னே?"

"புதுச்சேரிக்கு மேக்கால, சேதராப்பட்டுப் பக்கம். அந்த மஞ்சள் சுண்ணாம்புக்கல்லுல மட்டும் இருக்கற ஓடுங்க கூட்டமா இருக்கு. அரியலூர்ல இந்தக் கூட்டத்தை நான் பார்த்ததே இல்ல. உன் வீட்டுக்காரர் புதுச்சேரிக்குப் போனாரா?"

"இல்லை."

"இல்லன்னா இந்த நத்தை தானா பஸ் ஏறி வந்திருக்கணும்."

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வியாழக்கிழமைதோறும் அவர் அரியலூர்தான் போனார். விடிவதற்குள் கிளம்புவார். நான் தயிர்சாதம் கட்டிக்கொடுப்பேன். இரவு திரும்புவார். சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். சுரங்கத்துக்குப் போய்விட்டு யாரும் அப்படித் திரும்புவதில்லை, காது மடலில்கூட வெள்ளைத் தூசி இருக்கும். இதை அப்போதே கவனித்தேனா, இப்போது சேர்த்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21

புதுச்சேரியில் எங்களுக்கு யாரும் இல்லை. அவருடைய பழைய ஆய்வு மாணவி யமுனா அங்கே ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். இதை இங்கே எழுத ஒரு காரணமும் இல்லை.

எரிவாயு உருளை பதிவு செய்தேன். மாடிக் குழாய் ஒழுகுகிறது.

பிப்ரவரி 23

யமுனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். சேதராப்பட்டுப் பக்கம் மஞ்சள் கல் எங்கே வெளியே தெரிகிறது என்று கேட்பதற்காக.

"எங்கயும் தெரியாதே மேடம். எல்லாம் முந்திரித் தோப்பும் பிளாட்டும்தான். யாராவது கிணறு தோண்டினா, கட்டடத்துக்குக் குழி எடுத்தாத்தான் வெளியே வரும்" என்றாள். பிறகு, "சார் எப்படி இருக்கார் மேடம்? நான் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்தப்போ பார்த்தது. வந்து பார்க்கணும்னு நினைக்கறேன், அவரை அந்த மாதிரி பார்க்கத் தைரியம் வரல" என்று அழுதாள். அவளுடைய கல்யாணம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிறது. பொய் சொல்கிறவள் அப்படி மூக்கை உறிஞ்சமாட்டாள். நான்தான் ஆறுதல் சொன்னேன். வைத்த பிறகு நிம்மதியாக இருந்தது, உடனே அந்த நிம்மதி வெட்கமாக இருந்தது, அதற்கும் பிறகு முன்னைவிடக் குழப்பமாக இருந்தது.

யாரையும் பார்க்கப் போகவில்லை என்றால் எதற்குப் போனார்?

பிப்ரவரி 26

அவரிடம் "புதுச்சேரியா?" என்று மட்டும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் இதற்கு ஆட்டவில்லை. சன்னலைப் பார்த்தார்.

மார்ச் 1

காரை ஏற்பாடு செய்து அவரையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தேன். செங்கமலம் உடன் வந்தாள். நான் வேறு என்ன செய்வது? அந்த வட்டாரத்தில் எத்தனையோ கட்டடம், எத்தனையோ கிணறு. அவர் எங்காவது கையைக் காட்டமாட்டாரா என்று பார்த்தேன். திண்டிவனம் சாலையில் ஏறும்வரை மாடு, பெட்ரோல் பங்க், சினிமாச் சுவரொட்டி எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு வந்தார். சேதராப்பட்டு நெருங்கியதும் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். தூங்குகிறார் என்று செங்கமலம் சொன்னாள். நான் இமைகளைப் பார்த்தேன். தூங்கவில்லை.

தோப்புகளைத் தாண்டிப் பெரிய கட்டடங்களாக வந்தன. ஒரு தனியார் மருத்துவமனைக்கு எதிரே, அவருக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டதென்று காரை ஓரங்கட்டச் சொன்னேன். கண்ணாடியை இறக்கினேன். வாசல் காவலாளி, நரைத்த மீசைக்காரர், வண்டியை எடுக்கச் சொல்ல வந்தவர், உள்ளே குனிந்து பார்த்தார்.

"அட, கல்லு சாரு!" என்றார். "என்ன சார் இது, இப்படி ஆயிட்டீங்க?"

குருபரன் கண்ணைத் திறக்கவில்லை.

"இவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? வியாழக்கிழமை வியாழக்கிழமை வருவாரும்மா. டோக்கன் போட்டுட்டு அந்தாண்ட மண்ணு மேட்டுல போய் குனிஞ்சு குனிஞ்சு எதையாவது பொறுக்கிக்கினு இருப்பாரு. இவரு நம்பரைக் கூப்பிட்டா நான்தான் ஓடணும். 'இன்னா சார் தேடுற, தங்கமா?'ன்னு கேட்டா, 'அதைவிடப் பழசு'ம்பாரு."

செங்கமலத்தை அவரோடு விட்டுவிட்டு உள்ளே போனேன். நரம்பியல் பிரிவு என்று எழுதியிருந்த மேசையில் இருந்த மூத்த செவிலியருக்கு அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வந்துவிட்டது.

"நீங்க அவருக்கு யாரு?"

"மனைவி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எப்ப வந்தீங்க வெளிநாட்டுலேர்ந்து?"

கைப்பையை மேசைமேல் வைத்தேன்.

"கை மரத்துப்போகுதுன்னு வந்தாரு. கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு. கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டோம். வீட்டுக்காரம்மா வெளிநாட்டுல இருக்காங்க, வந்ததும் ஆபரேஷன் பண்ணிக்கறேன்னாரு. சரின்னு தேதியும் குடுத்தோம். ஆளையே காணோம். போன் பண்ணா எடுக்கல. இப்ப எப்படி இருக்காரு?"

"வெளியே கார்ல இருக்கார்" என்றேன். செவிலியர் எழுந்து கண்ணாடி வழியே பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்தார். என்னிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

எங்கள் திருச்சியில் என் சித்தப்பா மகன் வேலை செய்யாத மருத்துவமனையே இல்லை என்று குருபரன் கிண்டல் செய்வார். ஒரு ரத்தப் பரிசோதனை செய்தாலும் சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் போல. அல்லது வேறு காரணமும் இருக்கலாம்.

செவிலியரிடம் நான் கேட்டது, "புதுக் கட்டடத்துக்குக் குழி எடுத்த மண்ணு இன்னும் இருக்கா?" என்று. அவர் என் தோளைத் தொட்டார். எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

மண்மேட்டைப் பெரும்பாலும் அள்ளிவிட்டார்கள். குழி இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது, சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. சுற்றுச்சுவர் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. குழி எவ்வளவு ஆழம் என்று காவலாளியைக் கேட்டேன். இரண்டு ஆள் மட்டம் என்றார். வெளிர்மஞ்சள் கட்டி ஒன்றைக் காலால் புரட்டினேன். அதில் முத்து கோத்த சுருளின் ஒரு துண்டு, ஒரு நகம் அளவு. அதே இனம்.

புதுப் பையில் போட்டேன். சீட்டு எழுதி உள்ளே வைத்தேன்.

திரும்பும் வழியில் செங்கமலம்தான் பேசிக்கொண்டு வந்தாள். விக்கிரவாண்டியில் காபி குடித்தோம். அவருக்கு நான்தான் ஊட்டினேன். கண்ணைப் பார்க்காமல் ஊட்ட முடிகிறது.

மார்ச் 2

இட்லிக்கு அரைத்தேன். துணி துவைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 3

பக்கவாதத்துக்கு முந்தியா பிந்தியா என்று தேதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அறுவைச் சிகிச்சைக்கு அவர்கள் கொடுத்த தேதியைச் செவிலியரிடம் கேட்காமல் வந்தது நல்லது.

எனக்காகச் சொல்லவில்லையா, அவருக்குப் பயமா? நத்தையை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தாரா? என்னை வெளிநாட்டுக்கு அனுப்பும் அளவுக்கு நான் அவருக்கு என்ன செய்தேன்? இவற்றில் எது என்று கேட்டால் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

செங்கமலம் மத்தியானம் என்னிடம், "ஏன்க்கா சார்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறீங்க? அவரு சாப்பிடவே இல்ல" என்றாள். தலைவலி என்றேன்.

மார்ச் 5

திருத்திய கட்டுரை தயார். இடம் என்ற பகுதியை மட்டும் தாளில் அச்செடுத்து அவர்முன் வைத்தேன். எழுதிய இருவரும் தங்கள் தங்கள் மின்னஞ்சலில் சம்மதம் சொன்னால்தான் இதழ் ஏற்கும். அவருடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும். நானே அழுத்தியிருக்கலாம்.

சத்தமாக வாசித்தேன். "புதுச்சேரிக்கு மேற்கே, சேதராப்பட்டு அருகில், ஒரு மருத்துவமனையின் புதுக் கட்டடத்துக்குத் தோண்டிய அடித்தளக் குழியின் மண்மேடு. கண்டெடுத்தவர் குமரகுருபரன். ஆகஸ்ட்."

தாளைப் பிடுங்கினார். பேனாவுக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். இடது கையால், கோணலாக, மருத்துவமனை என்ற சொல்லை அடித்தார்.

நான் அதன்மேலேயே மறுபடியும் எழுதினேன். மறுபடியும் அடித்தார். தாள் கிழிந்தது.

"அது இல்லாம இடம் இல்ல. இடம் இல்லாம பேர் வைக்க முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தலையை ஆட்டினார். இல்லை என்று, பக்கவாட்டில். ஐந்து மாதத்தில் அவர் இல்லை என்று தலையாட்டியது இதுதான் முதல் தடவை.

"வெறும் சேதராப்பட்டுன்னு போட்டா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து எங்கே தேடுவான்? முந்திரித் தோப்புலயா?"

"பாய்" என்றார். "பாய். பாய்." மேசையைத் தட்டினார்.

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. செங்கமலம் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"யாருக்குத் தெரியக் கூடாது இது? காலேஜுக்கா? அவங்களுக்கு என்ன வந்தது? எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அவ்வளவு தூரம் போனீங்க? நான் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டீங்க. எனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. இனிமே யார்கிட்ட மறைக்கறீங்க, சொல்லுங்க?"

பேனா அவர் விரலிடுக்கில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். காரில் கண்ணை மூடிக்கொண்ட நாளிலிருந்து நாங்கள் நேராகப் பார்த்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் முகத்தின் அசையும் பாதி மெல்லக் கலைந்தது. அசையாத பாதி அப்படியே இருந்தது. எந்தப் பாதியைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பேனாவைக் கீழே வைத்தார். கணினியைத் தன் பக்கம் இழுத்தார். நான் அவர் மின்னஞ்சலைத் திறந்து கொடுத்தேன். இடது கை ஆள்காட்டி விரலால் தேடித் தேடி, சம்மதம் என்ற இடத்தில் அவரே அழுத்தினார்.

பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நீளமான வாக்கியம். குடை இருந்தது, தண்ணீர் இருந்தது, நடுவில் என் பெயர் இரண்டு தடவை சரியாக வந்தது. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது போல.

நான் கேட்டேன். முழுவதும் கேட்டேன். ஒன்றும் புரியவில்லை. முடித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டவில்லை.

"புரியல. திரும்பச் சொல்லுங்க" என்றேன்.

மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினார்.